பலாலி வீதிக்குக் கிழக்கே அறுபதடி

நான் முன்பு வேலை செய்த அலுவலகத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் படவரைஞர்கள். நான் அந்த வேலையில் இருந்தபோது கையில் மைப்பேனை இருந்தது. அவர்களுக்கு மடிக்கணினி இருக்கிறது. திரையில் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினார்கள். திருநெல்வேலிக்கு வடக்கே, பலாலி வீதிக்குக் கிழக்காக, வீடுகளுக்கு நடுவே வெறுமையாக ஒரு பட்டை நிலம் நீளமாகக் கிடந்தது.

"அக்கா, அந்தச் சண்டைக் காலத்திலை சட்டமும் இல்லை, ஆட்களும் இல்லை எண்டு சொல்லுறியள். பிறகெப்பிடி இதுக்குள்ளை ஒருத்தரும் வீடு கட்டாமல் இருந்தவை?" என்று ஒருத்தி கேட்டாள்.

தேநீர் குடித்து முடிவதற்குள் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அன்றைக்கு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எண்பத்து நான்காம் ஆண்டு. தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தது, கோடு கீறிக் கீறி விரல் காய்த்தது, எழுத்து அழகில்லை என்று ஏச்சு வாங்கியது எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர் கனகசபை ஐயா. ஊர்களின் தெருக்களையும் கட்டிடங்களையும் திட்டமிடும் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. மெலிந்த, உயரமான மனிதர். எந்நேரமும் வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சிலும் ஒரு நீலப் பென்சிலும் இருக்கும். யாரையும் ஏசமாட்டார். பிழை கண்டால் அந்த இடத்தில் நீலத்தால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டுத் தாளைத் திருப்பித் தருவார். பிழை என்னவென்று நாங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

பலாலி வீதியில் நெரிசல் கூடிக்கொண்டு வந்த காலம் அது. பல்கலைக்கழகம், சந்தை, பஸ்கள், மாணவர்கள் தங்கும் வீடுகள் என்று எல்லாம் அந்த ஒரு தெருவில். இருபது முப்பது வருடத்தில் அதற்குச் சமாந்தரமாக இன்னொரு தெரு தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். அதைப் போடுவதற்குக் காசும் இல்லை, காலமும் சரியில்லை. ஆனால் நிலத்தை இப்போதே காப்பாற்றி வைத்தால் பிறகு வீடுகளை உடைக்க வேண்டி வராது. அறுபதடி அகலத்துக்கு ஒரு பாதையை வரைபடத்தில் குறித்து, அதற்குள் கட்டிடம் கட்ட அனுமதி கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. நாங்கள் அதை 'ஒதுக்கு' என்போம்.

காணிகள் பழைய உரிமையாளர்களிடமே இருக்கும். தோட்டம் செய்யலாம், மாடு கட்டலாம், வேலி போடலாம். அத்திவாரம் மட்டும் வெட்டக்கூடாது.

வேலை நடந்த முறையையும் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கு அது ஒருவருக்கும் தெரியாது. வீடு கட்ட விரும்புகிறவர் விண்ணப்பத்தோடு காணிப் பத்திரமான உறுதியையும் நில அளவையாளரின் படத்தையும் தருவார். நான் அந்தக் காணியை ஊரின் பெரிய வரைபடத்தில் தேடிப் பிடிப்பேன். பிறகு ஒதுக்கைக் கீறிய மெல்லிய ட்ரேசிங் தாளை அதன்மேல் விரித்து, நான்கு மூலையிலும் பித்தளைக் குண்டு வைப்பேன். காணியும் ஒதுக்கும் ஒன்றை ஒன்று தொடாவிட்டால் விண்ணப்பம் அடுத்த மேசைக்குப் போகும். தொட்டால் ஐயாவிடம் போகும். ஐயா சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுப்பார்.

அனுமதி இல்லை என்பதை அவர் ஒருநாளும் மேசையில் இருந்து சொன்னதில்லை, கடிதத்திலும் முதலில் எழுதியதில்லை. அந்த ஆளின் காணிக்குப் போவார். நாடாவைப் பிடித்து அளந்து, தெரு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று நடந்து காட்டுவார். ஏச்சு முழுவதையும் கேட்பார். கடிதம் அதற்குப் பிறகுதான். நாடாவின் மற்ற நுனியைப் பிடிப்பதற்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

ஒதுக்கு எங்கே போகிறது என்பது அறிவித்தல் போடும்வரை வெளியே போகக்கூடாது. போனால் நிலம் கைமாறும், அவசர அவசரமாகச் சுவர் எழும்பும். வேலையில் சேர்ந்த அன்றே ஐயா இதைச் சொல்லியிருந்தார். அறிவித்தலுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணை வீட்டுக்குச் சாப்பிட வந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிக்கவைத்தவரும் அவர்தான்.

"பிள்ளை, எங்கடை பனங்காணிப் பக்கத்தாலை ஏதோ தெரு வருதாம் எண்டு கதைக்கிறாங்கள். மெய்யே?"

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எவ்வளவு பெரிய விஷயம் என் கையால் கீறப்படுகிறது என்று காட்டும் ஆசை. கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கீறியே காட்டினேன். "கிழக்காலை இருக்கிற என்ரை சீதனக் காணி தப்பீட்டுது அண்ணை. மேற்காலை உங்கடை ரண்டு பரப்புக் காணியும் முழுசாய்ப் போகுது."

அண்ணை அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மோர் கேட்டார். அத்தோடு அந்தக் கதை முடிந்ததென்று நினைத்தேன்.

அறிவித்தல் போட்டு ஒரு மாதம் இருக்கும். என் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. பெயர் மரியதாஸ், தொழில் மீன்பிடி, பழைய விலாசம் குருநகர், இப்போதைய விலாசம் ஒரு பாடசாலை. சண்டையால் கரையில் இருக்க முடியாமல் எழும்பி வந்த சனம் அப்போது பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கியிருந்தது. உறுதியை விரித்தேன். விற்றவர் என் அண்ணை. எல்லைகளை வாசித்துக்கொண்டு வந்தேன். உறுதியில் ஒவ்வொரு திசைக்கும் பக்கத்துக் காணிக்காரரின் பெயர் இருக்கும். கிழக்கு எல்லையில் என் முழுப் பெயர் இருந்தது.

ட்ரேசிங் தாளை விரித்துப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனாலும் விரித்தேன். நான்கு குண்டையும் வைத்தேன். விண்ணப்பத்தைக் கொண்டுபோய் ஐயாவிடம் கொடுத்தேன். அவர் விற்றவரின் பெயரைக் கவனிக்கவில்லை. வட்டம் போட்டுவிட்டு, "நாளைக்குக் காலமை போவம்" என்றார்.

போனபோது மரியதாஸும் மனைவி பிலோமினாவும் காணியில் நின்றார்கள். அறை எங்கே, சமைக்கும் குசினி எங்கே என்று தடி நட்டு நூல் கட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் கற்கள் குவிந்திருந்தன. மூன்று பிள்ளைகள் நூலுக்குள்ளே, தங்களுடைய அறையென்று நினைத்த இடத்தில், பாய் விரித்துப் படுத்து விளையாடிக்கொண்டிருந்தன. ஐயா நாடாவை நீட்டினார். தெருவின் நடு, குசினிக்குக் கட்டிய நூலின்மேல் விழுந்தது. அவர் மெதுவாக, ஒன்றும் விடாமல், எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார்.

பேசியது பிலோமினா.

"ஐயா, கடலிலை நேவி ஒரு கோடு போட்டு இதுக்கங்காலை போகேலாது எண்டாங்கள். சரியெண்டு தரைக்கு வந்தம். வள்ளத்தை வித்து, தாலிக்கொடியை வித்து இதை வேண்டினம். இப்ப தரையிலையும் கோடு எண்டுறியள். நாங்கள் எங்கை போய் இருக்கிறது?"

"வித்தவர் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று ஐயா கேட்டார்.

"அவரோ? நல்லாச் சிரிச்சுக் கதைச்சவர். சின்னவனுக்கு இளநீர் வெட்டித் தந்தவர்."

நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் ஐயாவின் சைக்கிளுக்குப் பின்னால் வந்தேன்.

அடுத்த நாள் காலை ஐயா வந்து கதிரையில் இருந்தவுடன் போய்ச் சொன்னேன். கலண்டர்த் தாள், அண்ணை, உறுதி, என் பெயர், எல்லாம். அவர் பேனையின் மூடியைப் பூட்டி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வேறை ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை ஐயா."

"அண்ணை கேட்டவரோ, நீராய்ச் சொன்னனீரோ?"

"கேட்டவர். ஆனால் கீறிக் காட்டினது நான்தான்."

"இதை நான் கோவையிலை எழுத வேணும், மிஸ் யோகராணி."

"எழுதுங்கோ ஐயா."

அலுவலகப் பதிவுக் கோவையை எடுத்து எனக்கு முன்னாலேயே எழுதினார். எழுதியதை என் பக்கம் திருப்பி வாசிக்கச் சொன்னார். நடந்தது நடந்தபடியே இருந்தது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கடைசி வரியில் 'மேற்படி அலுவலர் தானாகவே வந்து தெரிவித்தார்' என்றிருந்தது.

அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "ஐயா, கோட்டைக் கிழக்காலை கொஞ்சம் தள்ள ஏலாதோ? கிழக்காலை இருக்கிறது என்ரை காணிதானே. போனால் போகட்டும்."

அவர் கோபப்படவில்லை. அலுமாரியிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தார். "தெரு எண்டது வேலி இல்லை, நினைச்ச இடத்திலை முறிக்க. பஸ் ஓட வேணும். இஞ்சை தள்ளினால் வளைவு எங்கை தொடங்க வேணும் எண்டு நீரே வைச்சுப் பாரும்." வளைவுச் சட்டத்தை எடுத்துத் தந்தார். நானே வைத்துப் பார்த்தேன். என் காணியோடு நிற்கவில்லை. வடக்கே இரண்டு வீடுகளுக்குள்ளால் புகுந்து, அதற்கப்பால் ஒரு சின்னப் பாடசாலையின் வகுப்பறையைத் தொட்டது. "இவையிட்டைப் போய் ஆர் சொல்லுறது?" என்று கேட்டார். நான் தாளை மடித்தேன்.

அன்று பின்னேரம் அண்ணையிடம் போனேன். அண்ணையின் மனைவியான மச்சாள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டா. அண்ணை நான் ஏன் வந்தேன் என்று தெரிந்துகொண்டுதான் இருந்தார்.

"நான் பொய் சொல்லேல்லைப் பிள்ளை. அவை கேக்கேல்லை, நான் சொல்லேல்லை."

"அந்தக் காசைத் திருப்பிக் குடுங்கோ அண்ணை. உறுதியை மாத்தி எழுதலாம்."

"காசு எங்கை கிடக்கு? ரஞ்சன் போட்டானெல்லே."

அண்ணையின் ஒரே மகன் ரஞ்சன். பதினெட்டு வயது. இரண்டு மாதத்துக்கு முன்னர் ஜேர்மனிக்குப் போயிருந்தான். தெருவில் நின்ற பொடியன்களை இராணுவம் பிடித்துக்கொண்டு போன காலம். இவனையும் ஒருமுறை பிடித்துவைத்துப் பிறகு விட்டிருந்தார்கள். வந்தபிறகு அவன் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். காணி விற்ற காசு முழுவதும் அவனை அனுப்பிய ஏஜென்சிக்காரனுக்குப் போயிருந்தது.

"தெரு வாற காணியெண்டு சொன்னால் ஆர் வேண்டுவான்? நீயே சொல்லு. நான் என்ரை பிள்ளையைப் பாத்தன். அவையின்ரை பிள்ளையளைப் பாக்கேல்லை. அதுதான் நடந்தது." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்தார். ஏச வேண்டுமென்று போனவள் ஏசாமல் திரும்பினேன்.

கோடு அசையாது என்பதை என் கையாலேயே வைத்துப் பார்த்துவிட்டேன். காசும் திரும்பி வராது. அசையக்கூடியது ஒன்றுதான் மிச்சம். மரியதாஸின் காணிக்குக் கிழக்கே, ஒதுக்குக்கு வெளியே, என் பெயரில் இரண்டு பரப்பு இருந்தது. அதை அவர்களுக்கு எழுதி, அவர்களுடையதை நான் எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவிடம் சொன்னபோது அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகைக் கீழே வைத்தா.

"அது நான் உனக்குத் தந்த காணி."

"ஓம் அம்மா."

"அதைக் குடுத்துப்போட்டுத் தெருவைச் சீதனமாய்க் கொண்டுபோகப் போறியோ?"

அப்போது எனக்கு ஒரு கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் காணியை ஒருமுறை பார்த்துவிட்டும் போயிருந்தார்கள். பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. அதற்காக அழுதேன் என்று எழுதினால் பொய். ஆனால் அம்மா அழுதா. மரியதாஸ் குடும்பத்தின் பெயரைக்கூட இந்த வீட்டில் சொல்லக்கூடாதென்றா.

பிலோமினாவைச் சம்மதிக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. நான் பாடசாலைக்குப் போய், நான் யார், என்ன செய்தேன், என்ன தரப்போகிறேன் என்று சொன்னேன். ஒரு வகுப்பறையை நான்கு குடும்பங்கள் சேலையால் பிரித்திருந்தன. அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"உங்கடை அண்ணையும் இப்பிடித்தான் வந்து நல்லாய்க் கதைச்சவர். நல்ல காணியைத் தந்துபோட்டு உதவாத காணியை எடுக்கிறதுக்கு உங்களுக்கு என்ன விசரோ? உங்கடை காணிக்குள்ளாலை என்ன போகுது, ரயிலோ?"

"ஒண்டும் போகேல்லை."

"எங்களுக்குப் பிச்சை வேண்டாம்."

"பிச்சை இல்லை. என்ரை வாயாலை வந்த வினை இது."

அவள் நம்பவில்லை. தங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். வரைபடத்தை அவர் வாசித்துச் சொல்ல வேண்டும் என்றாள். ஐயா எழும்பி நின்று தன் கதிரையை அவருக்குக் கொடுத்தார். பொதுவாக வெளியாட்களுக்குக் காட்டாத பெரிய வரைபடத்தை மேசையில் விரித்தார். சுவாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்து அரை மணித்தியாலம் பார்த்தார். பிறகு எல்லோரும் காணிக்குப் போனோம். ஐயா நாடாவின் ஒரு நுனியைப் பிலோமினாவின் கையில் கொடுத்தார். ஒதுக்கின் விளிம்பிலிருந்து புதிய காணியின் எல்லைவரை அவளே இழுத்து அளந்தாள். இருமுறை அளந்தாள். மூன்றாம்முறை மரியதாஸ், "காணும், விடு" என்றார்.

உறுதி எழுதும் நொத்தாரிசிடம் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தபோது அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. "கல்லெல்லாத்தையும் திருப்பி அங்காலை தூக்க வேணும்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் போய்த் தூக்கினேன். மத்தியானம் வேலிக்கு வெளியே ஒரு சைக்கிள் வந்து நின்றது. அண்ணை. ஒருவரையும் பார்க்காமல் சட்டையைக் கழற்றி மரத்தில் தொங்கவிட்டுக் கல் சுமக்கத் தொடங்கினார். ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை. பின்னேரம் தண்ணீர் கொண்டுவந்த பிலோமினா அவருக்கும் ஒரு பேணி நீட்டினாள்.

அலுவலகத்தில் என்னை அந்த வரைபடங்களிலிருந்து எடுத்து, வடிகால் படங்கள் கீறும் மேசைக்கு மாற்றினார்கள். மேலிடத்திலிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. ஐயா முன்னைப்போலவே என்னோடு பேசினார். தாளில் பிழை இருந்தால் முன்னைப்போலவே நீலப் புள்ளி வைத்தார். அதற்கு மேலே ஒரு சொல் இல்லை. ஆறேழு மாதம் கழிந்து, ஒரு காலையில் என் மேசையில் வரைபட அலுமாரியின் திறப்புச் சாவி இருந்தது. நான் எடுத்துக்கொண்டு போய், "ஐயா, இது..." என்றேன். அவர் வாசித்துக்கொண்டிருந்த கடிதத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "மூண்டு விண்ணப்பம் கிடக்கு, பாரும்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த ஒதுக்கை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டோம். பெற்றோல் இல்லை, சில மாதங்கள் தாள் இல்லை, மை இல்லை. பாவித்த தாளின் பின்பக்கத்தில் கடிதம் எழுதினோம். ஐயா ஓய்வு பெற்றுப் போனபிறகு நானே சைக்கிளில் போய்ச் சொன்னேன். செல்வாக்கான ஒருவர் இரவோடிரவாக அத்திவாரம் வெட்டியதும் உண்டு. பக்கத்துச் சனமே போய், "எங்களை விடாததை உனக்கெப்பிடி விடுறது?" என்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டது. பிள்ளைகள் இருவரும் கேட்ட கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இதுதான். என் நல்ல காணியைக் கொடுத்து, தெரு வரப்போகும் அண்ணையின் காணியை நானே எடுத்து வைத்திருப்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. நான் போய் நின்று 'கட்ட ஏலாது' என்றால், பொதுவாக ஏற்றுக்கொண்டார்கள். என் துண்டில் மரவள்ளி நட்டேன். மற்றவர்கள் வெங்காயம் வைத்தார்கள், ஆடு மேய்த்தார்கள். விமானம் வந்த வருடங்களில் பதுங்குகுழி வெட்டினார்கள். அதற்கும் அனுமதி தேவையென்று நான் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில், இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் ஊரை விட்டு எழும்பியது. அதை நான் விவரிக்கத் தேவையில்லை, வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் அதில் நடந்தவர்களாக இருப்பார்கள். நாங்கள் புறப்பட விடிந்துவிட்டது. மழை. பலாலி வீதியில் கால் வைக்க இடமில்லை. ஒழுங்கைகளிலிருந்து வந்தவர்கள் தெருவில் ஏற முடியாமல் தேங்கி நின்றார்கள். யாரோ ஒருவர் வேலியைப் பிரித்துக்கொண்டு ஒதுக்குக்குள் இறங்கினார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் இறங்கினார்கள். சைக்கிள்கள், தள்ளுவண்டிகள், இரண்டு மாட்டுவண்டிகள், கதிரையில் வைத்துத் தூக்கிய கிழவர்கள், எல்லோரும் அறுபதடி அகலத்துக்கு நடந்தார்கள். எங்கும் திரும்ப வேண்டியிருக்கவில்லை. ஒரு சுவரும் குறுக்கே வரவில்லை. இத்தனை வருடமாக நான் காவல் காத்த தெருவில் நான் கண்ட முதல் போக்குவரத்து அது. அவ்வளவு சனமும் ஒரே திசையில் போனது.

என் மரவள்ளியையும் மிதித்துக்கொண்டுதான் நாங்கள் போனோம். அண்ணை முன்னால் சாமானோடு போனார். அம்மாவால் நடக்க முடியவில்லை. சேற்றில் நின்றுவிட்டா. அப்போது பக்கத்து வளவிலிருந்து மரியதாஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஒன்றும் கேட்காமல் பின்காரியரில் இருந்த மூட்டையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, அம்மாவைத் தூக்கி அதில் இருத்தினார். பிலோமினா பின்னால் வந்து அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருடமாக அம்மா அவர்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருவில் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வா.

கொஞ்சத் தூரம் அப்படியே போனோம். மழை முகத்தில் அடித்தது. அம்மா திரும்பிப் பார்க்காமல் பிலோமினாவிடம் கேட்டா:

"பிள்ளை, உங்கடை கோழியளை என்ன செய்தனீங்கள்?"

"கூட்டைத் திறந்து விட்டிட்டு வந்தனாங்கள் அம்மா."

"அரிசி போட்டனீயே?"

"ஓம். இருந்த குருணல் முழுக்கக் கொட்டிப்போட்டுத்தான் வந்தனான்."

"அப்ப சரி" என்றா அம்மா. பிறகு கையைப் பின்னுக்குக் கொண்டுபோய், தன் முதுகில் இருந்த பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டா. கொடிகாமத்தில் ஒரு தெரிந்த வீட்டில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே அறையில் பாய் விரிக்கும்வரை அவ்வப்போது பேசிக்கொண்டே வந்தார்கள்.